மின்னஸோட்டாவில் ஓர் ஓட்டைப் படகு

பள்ளிக்கூட வாத்தியார்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. யாராவது, "கொஞ்சம் வந்து புத்தி சொல்லுங்களேன்!" என்று கேட்டுவிட்டால் போதும், நமக்குக் கால் தரையில் பாவாது. உள்ளூராயிருந்தால் சாப்பிட்ட கை உலருமுன்னே புறப்பட்டுவிடுவோம். ஆனால் புத்தி சொல்லுவதற்காக எட்டாயிரம் மைலுக்கு அப்பால் பிரயாணம் செய்த வாத்தியார் நாம் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

விஷயம் இதுதான். நம் தங்கை அமெரிக்காவில், மின்னஸோட்டா ராஜ்யத்தைச் சேர்ந்த செயிண்ட் கிளவுட் என்னும் ஊரில் குடித்தனம் செய்கிறாள். சித்திரை மாதத்தில் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணா! இந்தக் கோடை விடுமுறைக்கு நீங்களும் அண்ணியும் அவசியம் இங்கே வரவேண்டும். அப்பாவும் பிள்ளையும் முகங்கொடுத்துப் பேசிக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. இவர் 'மார்க்கு, மார்க்கு' என்கிறார். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நடுவிலே நான் தபால்காரன் வேலை பார்க்கிறேன். இருபது வருஷமாக எத்தனை பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறீர்கள்! உங்கள் மருமகனுக்கு நாலு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நாலு வார்த்தை என்ன, நாற்பது வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே ஆகாய விமானம் ஏறினோம்.

மினியாபொலிஸ் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 65 மைலில் இருக்கிறது செயிண்ட் கிளவுட். கருங்கல் சுரங்கங்களுக்குப் பேர்போன ஊர். ஊரின் ஊடே மிஸிஸிப்பி நதி ஓடுகிறது. பூகோளப் பாடத்தில் நாம் பிரம்பால் தட்டிக் காட்டிய அதே மிஸிஸிப்பி! அதைக் கண்டதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லவேண்டும்போல் கை துறுதுறுத்தது.

'மின்னஸோட்டா' என்பது தக்கோட்டா என்னும் ஆதிகுடிகளின் பாஷைச் சொல். வானத்தின் சாயல் படிந்த நீர் என்று அதற்குப் பொருள் கூறுகிறார்கள். இந்த ராஜ்யத்தின் மோட்டார் வண்டிகளில் எண் பலகையின் மேலேயே 'பதினாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருக்கிறது. நாம் முதலில் இதை விளம்பரத்துக்கான அதிகப் பேச்சு என்று நினைத்தோம். விசாரித்தால், பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்! நம் செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகள் நம் முன்னோர் கரைகட்டித் தேக்கியவை. இவையோ பனியுகத்தில் பெரும் பனிப்பாறைகள் நகர்ந்து நகர்ந்து தோண்டிவிட்டுப் போன குழிகள். குளிர்காலத்தில் இவை உறைந்து கெட்டியாகிவிடும். ஏப்ரல் மாதத்தில் பனி உருகும். மே மாத நடுவில் மீன் பிடிக்கும் பருவம் திறக்கிறது. அந்த நாளில் ராஜ்யத்தின் கவர்னரே தூண்டிலும் கையுமாக ஏரிக்குப் போவது 1948 முதல் வழக்கமாகிவிட்டதாம். அத்தகைய நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு படகு இருப்பதில் ஆச்சரியம் என்ன?

நிற்க. மருமகனைப் பார்த்தோம். பதினான்கு வயது, நம்மைவிட ஒரு சாண் உயரம். "வாங்க மாமா" என்றான். அதற்குமேல் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் அப்பா வடக்கே பார்த்தார். பிள்ளை தெற்கே பார்த்தான். நாம் தயாரித்து வைத்திருந்த உபதேசத்தின் முதல் வாக்கியத்தை இரண்டு நாள் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் புல்தரையைக் கடந்து வந்தார். வயது எண்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். வீட்டை விற்றாகிவிட்டது, மாதக் கடைசியில் வேறு ஊரிலிருக்கும் மகளிடம் போய்விடப் போகிறார். அவருடைய கொல்லையில் ஒரு மேப்பிள் மரத்தடியில் பழைய அலுமினியப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பதினான்கு அடி நீளம். மேலே பாசி, உள்ளே அணில் கூடு.

"விலை ஒரு டாலர். ஆனால் ஒரு நிபந்தனை. நான் இந்த ஊரை விட்டுப் போவதற்குள் அது தண்ணீரில் மிதக்கவேண்டும்" என்றார்.

மாப்பிள்ளை மரியாதையாகத் தலையை அசைத்தார். பிறகு நம் காதோடு, "மச்சான், இந்தத் தகரத்தைச் சரிப்படுத்துகிற செலவில் பாதி விலைக்கு நல்ல படகே வாங்கிவிடலாம்" என்றார். அவர் வாய் மூடுமுன் பையன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துப் பெரியவரிடம் நீட்டிவிட்டான்.

அலுமினியம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சமையலறைதானே? சென்னைக் கலைப் பள்ளிக்கூடத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1898-ம் வருஷத்தில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். அது முதல் நம் வீடுகளில் குண்டானும் தூக்கும் புகுந்தன. அதற்குச் சில வருஷங்கள் முன்வரை இந்த உலோகம் அபூர்வப் பொருள். 1884-ல் வாஷிங்டன் ஞாபகத் தூணின் உச்சியில் கௌரவமாக வைக்கப்பட்டது 100 அவுன்ஸ் எடையுள்ள ஓர் அலுமினியக் கூம்புதான். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் மார்க்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் விலை மளமளவென்று இறங்கிற்று.

படகுக்கு அது வந்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானம் செய்வதற்காக அமெரிக்காவில் அலுமினியத் தகடும், அதை வளைத்து ரிவெட் ஆணியடிக்கத் தெரிந்த கைகளும் பெருகின. அக்கைகளில் லட்சக்கணக்கானவை பெண்களுடையவை. கிரம்மன் விமானக் கம்பெனியைச் சேர்ந்த வில்லியம் ஹாஃப்மன் என்பவர் 1944-ல் அடிரோண்டாக் மலைப் பிரதேசத்தில் கனத்த மரத் தோணியைத் தோளில் சுமந்து அலுத்துப்போனார். விமானம் செய்யும் தகட்டில் தோணி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. யுத்தம் முடிந்ததும் கிரம்மன் தோணிகள் வெளிவந்தன. மினியாபொலிஸில் 1946-ல் அலுமாகிராப்ட் படகுகளும், இதே ராஜ்யத்தின் நியூயார்க் மில்ஸ் என்னும் சிற்றூரில் 1948-ல் லண்ட் படகுகளும் பிறந்தன. குண்டு போட வளைத்த உலோகம் மீன் பிடிக்கப் போயிற்று. உலோகத்துக்கும் ஒரு நல்ல காலம் வரத்தானே வேண்டும்!

நம் படகின் பெயர்த் தகடு தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. ஆனால் 1972-ம் வருஷம் நவம்பருக்குப் பின் செய்யப்பட்ட ஒவ்வொரு படகிலும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் பொறித்திருக்கவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். இதில் அது இல்லை. ஆகவே படகு நமக்கு மூத்தது என்று தெரிந்தது. மரியாதையுடன் அணுகினோம்.

முதல் வேலை, உள்ளே இருந்த பாரத்தை இறக்குவது. இத்தகைய படகுகளில் ஆசனங்களுக்கு அடியில் மிதப்பதற்காக நுரைப்பஞ்சு போன்ற ஒரு வஸ்துவை அடைத்திருப்பார்கள். வருஷக்கணக்காக அது நீரைக் குடித்துக் குடித்து, இரண்டு பேர் தூக்கவேண்டிய படகை நாலு பேர் அசைக்க முடியாதபடி செய்திருந்தது. அதைத் தோண்டி எடுத்தோம். பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது பெரியவர் எல்லோருக்கும் முகமூடி கொடுத்தார். அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயமும் குரோமியமும் கலந்திருக்கலாம். தூள் நெஞ்சுக்குள் போனால் கெடுதல். ஆகவே உப்புத்தாளை நனைத்து ஈரமாகவே தேய்த்தோம்.

அடுத்தது ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது. இதற்குப் பெரியவர் சொன்ன யுக்தியைக் கேட்டு நாம் பிரமித்துப்போனோம். படகைத் தண்ணீரில் விடவேண்டாம். தண்ணீரைப் படகில் விடு! மரக்கட்டைகளின்மேல் படகை நிமிர்த்தி வைத்து, ரப்பர்க் குழாயால் உள்ளே நீர் நிரப்பினான் பையன். சற்று நேரத்தில் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. கையில் மெழுகுக் கட்டியை வைத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, சொட்டு விழும் ஒவ்வோர் ஆணியையும் வட்டமிட்டோம். எண்ணிப் பார்த்தால் 63. "அறுபத்துமூவர்!" என்றோம். மயிலாப்பூர் உற்சவத்தைப் பற்றி மருமகனுக்கு எடுத்துச் சொல்ல நமக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அவன் காது கொடுத்துக் கேட்டான் என்றே நினைக்கிறோம்; ஏனெனில் அன்று முதல் அவற்றை நம்பர் போட்டு நாயன்மார் என்றே அழைத்தான்.

இப்பொழுது நம் அவமானத்தைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது.

படகின் முன்புறத்தை நாகப்பட்டினத்துச் செம்படவர்கள் அணியம் என்பார்கள். பின்புறத்தை அமரம் என்பார்கள். அலுமினியப் படகிலும் அமரத்தில் மட்டும் மரப்பலகை உண்டு. மோட்டாரைத் தாங்குவது அதுதான். நம் படகில் அது உளுத்துப்போய்க் கையால் பிட்டால் அவல் மாதிரி உதிர்ந்தது. புதுப் பலகை வாங்க மாப்பிள்ளையும் நாமும் மரக்கடைக்குப் போனோம். அங்கே உளுக்காமலிருக்க மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகை இருந்தது. "மாப்பிள்ளை, இதைத்தான் வாங்கவேண்டும். ஆயுளுக்கும் உளுக்காது" என்று தீர்ப்புச் சொன்னோம். பட்டதாரி அல்லவா?

பெரியவர் பலகையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். "நீங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று விசாரித்தார்.

"ரசாயனம்."

"அப்படியா? இந்த மருந்திலே செம்பு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் குழாயில் புகையிலையை அடைத்தார்.

நமக்குப் பகீரென்றது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அலுமினியம் தானே கரைந்து தன்னைப் பலி கொடுக்கிறது. இதைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம்! பரீட்சைக்குக் கேள்வியும் போட்டிருக்கிறோம். ஆனால் அது ஜாடியில் நிற்கும் இரண்டு உலோகத் தண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும், கொல்லையில் கிடக்கும் படகுக்குப் பொருந்தாது என்று நம் கைகள் நினைத்துவிட்டன போலும். உபாத்தியாயர் பயிற்சியில் வார்தாக் கல்வித் திட்டத்தைப் பற்றி, கைத்தொழில் மூலமாகவே கல்வி என்னும் 1937-ம் வருஷத்துக் கொள்கையைப் பற்றி, நாம் எழுதிய பதில் வகுப்பிலேயே முதல் மார்க்கு வாங்கியது. அதுவும் அப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

நம் முகம் போன போக்கைக் கண்டு பையன் சிரித்துவிட்டான். மாப்பிள்ளையும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் இது முதல் தடவை என்று தங்கை பிறகு சொன்னாள். ஆக, நம் அறியாமையால் உலகத்துக்கு ஒரு நன்மை விளைந்தது.

பச்சைப் பலகை கடைக்கே திரும்பிற்று. நீரில் விடாத பசையால் ஒட்டிய சாதாரண ஒட்டுப்பலகையை, பழைய பலகையின் அளவுக்கு வெட்டி, எபாக்ஸி என்னும் பிசினை மும்முறை பூசி உலர்த்தினோம். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைக்கூட நேரே தகட்டில் படாதபடி பசை தடவியே முடுக்கினோம்.

இனி, அறுபத்துமூவர். கெட்டி ரிவெட் ஆணி என்பது திருகாணி போல ஒருவர் நின்று முடுக்கக்கூடிய வஸ்து அல்ல. வெளியே ஒருவர் ஆணியின் தலைமேல் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். உள்ளே ஒருவர் அதன் வாலைச் சுத்தியலால் அடிக்கவேண்டும். ஆணி இரண்டுக்கும் நடுவே நசுங்கிப் பருத்து, துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. பலமாக அடித்தால் தகடு வளைந்துவிடும். மெல்ல அடித்தால் ஒழுக்கு நிற்காது. அடியோடு தளர்ந்துபோனவற்றைத் துளைத்தெடுத்துவிட்டுப் புதிது போடவேண்டும். புது ஆணியின் வால், அதன் பருமனைப்போல் ஒன்றரை மடங்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியான அளவு. ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும் பொய் ஆணிகளும் கடையில் உண்டு. பெரியவர் அவற்றைத் தொடவிடவில்லை.

"என் தாயார் யுத்தத்தின்போது விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்தவள். ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. நடுவே தகடு. தட்டித்தான் பேசிக்கொள்வார்கள்" என்றார். ஒரு தட்டு என்றால் 'தயார்'. இரண்டு என்றால் 'சரியாயிற்று'. மூன்று என்றால் 'மறுபடியும் அடி'.

படகை ஒருக்களித்து நிறுத்தினோம். உள்ளே அப்பா, சுத்தியலுடன். வெளியே பிள்ளை, இரும்புடன். நாம் மேற்பார்வை. அதாவது, சும்மா நின்றோம்.

டொக். பையன் தயார். அப்பா அடித்தார். டொக், டொக், டொக். மறுபடியும். அடித்தார். டொக், டொக். சரியாயிற்று.

அந்த நாட்டில் மே மாதத்தில் இரவு எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. நாலு நாள் சாயங்காலமும் இந்தச் சம்பாஷணை நடந்தது. தளர்ந்த ஆணியில் சுத்தியல் பட்டால் மழுங்கலான சப்தம் வரும். இறுகியதும் மணிபோலக் கேட்கும். அந்த பேதத்தை முதலில் கண்டுகொண்டவன் பையன்தான். இரண்டாம் நாள், "அப்பா, கொஞ்சம் மெதுவா" என்றான் தமிழில். மூன்றாம் நாள் இடம் மாறிக்கொண்டார்கள். பிள்ளை அடிக்க, அப்பா தாங்கினார். நாற்பத்திரண்டாம் ஆணியின்போது மாப்பிள்ளை தம் தகப்பனாரைப் பற்றி ஏதோ சொல்வது காதில் விழுந்தது. தஞ்சாவூரில் அவர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தாராம். தாமும் சிறு வயதில் டியூபுக்கு ஒட்டுப் போட்டதுண்டாம். "எனக்குச் சொன்னதே இல்லையே!" என்றது வெளிப்பக்கம். "நீ கேட்டதே இல்லையே!" என்றது உள்பக்கம். நாம் மெல்ல அந்த இடத்தை விட்டு நகர்ந்தோம். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்களைச் சொல்வதற்கு நடுவே ஒரு தகடு இருப்பது எவ்வளவு சௌகரியம்!

வர்ணம் பூசிய கதையை வளர்த்தவில்லை. அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதன்மேல் சாதாரண வர்ணம் நிற்காது. ஆகவே அந்தத் தோலை அரித்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு தனிப்பூச்சை முதலில் பூசி, அதன்மேல் பச்சை வர்ணம் அடித்தோம். பழைய வர்ணமும் பச்சைதான். அது பெரியவரின் மனைவி தேர்ந்தெடுத்ததாம்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சிறு ஏரிக்குப் போனோம். அந்த ராஜ்யத்தில் ஒரு சட்டம் உண்டு. வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நியப் பிராணி ஏரிக்கு ஏரி பரவிவருவதால், சாலையில் போகும் படகின் அடித்துவாரத் தக்கையைக் கழற்றியே வைத்திருக்கவேண்டும். உள்ளே ஒரு சொட்டு நீர் தங்கக்கூடாது. பையன் அப்படியே தக்கையைக் கழற்றி, "மாமா, பத்திரமா வச்சுக்குங்க" என்று நம்மிடம் கொடுத்தான். பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

எல்லோரும் மிதவைச் சட்டை அணிந்துகொண்டோம். பெரியவரை அணியத்தில் உட்காரவைத்தோம். மாப்பிள்ளை அமரத்தில், நடுவில் பையனும் நாமும். தங்கையும் நம் மனைவியும் கரையில் நின்றார்கள். படகு அன்னம்போல நழுவிற்று. இருபது கெஜம் போயிருப்போம். காலில் ஜில்லென்றது.

"ஆணி விட்டுவிட்டது!" என்று கூவினார் மாப்பிள்ளை.

"இல்லை அப்பா! நம்ம ஆணி விடாது!" என்றான் பையன். 'நம்ம' என்ற வார்த்தை அந்தக் கலவரத்திலும் நம் காதில் தித்தித்தது. நீர் கணுக்கால்வரை ஏறிற்று.

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தபடியே, "தக்கை எங்கே?" என்றார்.

எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். நம் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. அது அங்கே பத்திரமாக இருந்தது.

பையன் அதைப் பிடுங்கி நீருக்குள் கைவிட்டுத் துவாரத்தை அடைத்தான். நாம் பிராயச்சித்தமாகத் தகரக் குவளையால் நீரை இறைத்துக் கொட்டினோம். பிறகு அரைமணி நேரம் நடு ஏரியில் நின்றோம். அறுபத்துமூவரில் ஒருவர்கூடக் கண்ணீர் விடவில்லை. பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்புறத் தகட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "அவள் எப்போதும் இந்த இடத்தில்தான் உட்காருவாள்" என்றார். அன்று மீன் ஒன்றும் அகப்படவில்லை. யாரும் அதைப்பற்றி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

இரண்டு நாளில் அவர் மகளுடன் புறப்பட்டார். அடுத்த நாள் நாமும் புறப்பட்டோம். விமான நிலையத்தில் தங்கை கண் கலங்க, "அண்ணா, அவனிடம் அப்படி என்னதான் சொன்னீர்கள்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தோம். கொண்டுபோன நாற்பது வார்த்தையில் ஒன்றைக்கூட அவிழ்க்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

நம் வியாதி இன்னும் முற்றிலும் குணமாகவில்லை. ஆனால் யாராவது வந்து, "ஸார், என் பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தி சொல்லவேண்டும்" என்று கூப்பிட்டால், உடனே புறப்பட்டுவிடுவதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்கிறோம்:

"உங்கள் வீட்டில் ரிப்பேராகிக் கிடக்கும் சாமான் ஏதாவது இருக்கிறதா?"